ஓட்டை போட்ட அட்டை

அறுபத்திரண்டு கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.
செல்லூர் மாநகராட்சிப் பள்ளி, எட்டாம் வகுப்பு பி பிரிவு,
பங்குனி வெயில், சுற்றாத மின்விசிறி.
எந்தப் பையன் கெட்டுப்போவான் என்று
முன்கூட்டியே சொல்லும் கருவி என் பைக்குள் இருந்தது.
முனைவர் பட்டத்துக்காகத்தான் போனேன்,
மறைப்பதற்கில்லை.

கேள்விகளைத் தமிழில் பெயர்த்தவர் யாரோ,
பையன்களோடு பேசிப் பழகாதவர்.
“அற்ப காரணங்களுக்கு நீ கிளர்ச்சியுறுவதுண்டா?”
கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்,
“டீச்சர், கிளர்ச்சின்னா பஸ் மறியலா?”
சிரித்துவிட்டேன்.
நடத்துபவர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்கிறது
கையேட்டின் நான்காம் பக்கம்.

“வீட்டை விட்டு ஓடிவிட நினைத்ததுண்டா?”
ஒச்சுக்காளை பேனா மூடியைக் கடித்தபடி கேட்டான்:
“எந்த வீட்ட? அம்மா வீடா, அப்பா இருக்கிற வீடா?”
உனக்குத் தோன்றியதைப் போடு என்றேன்.
எல்லாவற்றுக்கும் அதுதான் நான் சொல்ல வேண்டிய பதில்.

“இருட்டிய பின் தெருவில் சுற்றுவாயா?”
சுற்றாமல்?
கரண்ட் போனால் தறி நிற்கும்,
தறி நின்றால் தெருவே வெளியில்தான் நிற்கும்.
ஆம் என்று போட்டான்.

ஒப்புதல் படிவத்தில் அவன் அம்மா கைநாட்டு வைத்தாள்.
பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே,
“எங்க பூட்டன் காலத்துல ரேகைய வச்சுட்டு
ராத்திரிக்கு ஸ்டேஷன்லயே போய்ப் படுக்கணுமாம்.
இது அது இல்லேல்ல?”
இல்லம்மா, இது ஆராய்ச்சி.

அன்றிரவு விளாங்குடி வாடகை அறையில்
விடைத்தாள் மேல் அட்டையைப் பொருத்தினேன்.
ஓட்டைக்குள் தெரியும் டிக்குகளை எண்ண வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
பதினேழாவது கேள்வி: “பிறர் பொருளை எடுத்திருக்கிறாயா?”
ஆம்.
அட்டையை எடுத்தபோதுதான் பார்த்தேன்,
ஓரத்தில் பொடி எழுத்தில்:
“ஒரு தடவ. திருப்பிக் குடுத்துட்டேன்.”
அந்த இடத்தில் அட்டைக்கு ஓட்டை இல்லை.

முப்பத்தொன்று.
இருபத்து நான்கைத் தாண்டினால் ஆபத்து வகை.

நான்கே மதிப்பெண் எடுத்தவர்கள் மூன்று பேர்.
“நான் பொய்யே சொன்னதில்லை” என்பதற்கு
மூவரும் ஆம் போட்டிருந்தார்கள்.
அப்படிப்பட்ட தாள்களைத் தள்ளிவிட வேண்டும், விதி உண்டு.
தள்ளினால் என் எண்ணிக்கை குறையும்.
தள்ளவில்லை.

“சும்மா ஒரு கண்ணு வச்சுக்கிறதுக்குத்தாம்மா”
என்று பட்டியல் கேட்டார் தலைமையாசிரியர் சவரிராயன்.
பெயர் எழுதாமல் எண்கள் மட்டும் கொடுத்தேன்.
வருகைப் பதிவேட்டில் இருந்த அதே எண்கள்.

ஆடியில் கோரிப்பாளையம் பக்கம்
ஒரு செல்போன் கடைப் பூட்டை உடைத்துவிட்டார்கள்.
ஏட்டு ஒருவர் வகுப்பறை வாசலில் நின்று
பத்தொன்பதாம் நம்பர் யார் என்று கேட்டாராம்.
பெஞ்சில் உட்காரவைத்து,
அவனில்லை என்று சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள்.
மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.
அதற்கு மறுநாளும்.

மூன்றாண்டு கழித்துத் தொடராய்வு.
அவன் பெயர் கூர்நோக்கு இல்லப் பதிவேட்டில் இருந்தது.
என் அட்டவணையில் அது
‘சரியாகக் கணிக்கப்பட்டது’ என்ற நிரலில் ஏறியது.
வாய்மொழித் தேர்வில் கைதட்டினார்கள்.
வடையும் ரவா கேசரியும் என் செலவு.

போன வாரம் ஆரப்பாளையம் பஸ்ஸில்
பக்கத்து சீட்டுக்காரி என்னையே பார்த்தாள்.
“நீங்க அந்தப் பரீச்ச வச்ச டீச்சருல்ல?
எம்புள்ள எவ்வளவு வாங்குனான்னு
சொல்லவே இல்லையே.”
முப்பத்தொன்று.
“எத்தனைக்கு?”
அறுபத்திரண்டுக்கு.
விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.
“பாதி வந்திருக்கே. அப்ப பாஸுதான.”

சிம்மக்கல் வந்ததும் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
“அவன்ட்டச் சொல்றேன்” என்று இறங்கினாள்.